ஈமு முழுங்கின சாவி

ஆசைப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டனுங்க தம்பி. அப்படிச் சொல்றவங்கள்ல முக்காவாசிப் பேரு, வேணுங்கறதை எல்லாம் தின்னு முடிச்சுட்டு, செரிக்கறதுக்குச் சோம்பு மென்னுட்டு உக்காந்திருக்கறவங்க. எங்க காங்கயம் பக்கத்து வறட்டுப் பூமில ஒருத்தன் பண்ணையம் பண்றான்னாலே அவன் ஆசைக்காரன்னுதான் அர்த்தம். இல்லீன்னா ஆயிரம் அடிக்குப் போர் போட்டு, தண்ணிக்குப் பதிலாப் புழுதி கெளம்பறதைப் பாத்துட்டு, சித்த தள்ளி இன்னொண்ணு போடச் சொல்லி அதே லாரிக்காரனுக்கே போன் பண்ணுவானுங்களா?

ஆசைப்படறதுக்கு நம்ம சனத்துக்கு யாரும் கத்துக்குடுக்க வேண்டீதில்ல. அதெல்லாம் நல்லாவே பண்றோம். அது முடிஞ்சு திண்ணைல உக்காந்து "அப்படிப் பண்ணியிருக்கலாமே"ன்னு வருத்தப்படறோம் பாருங்க, அதுலதான் நெம்பக் கோளாறு. கந்துவட்டிக்காரன் நோட்டாட்டம் இருக்குமுங்க அந்தக் கணக்கு. எழுதறவனுக்கு மட்டும்தான் புரியும், எப்பப் பாத்தாலும் ஏறிட்டே இருக்கும்.

என்ற பங்காளி ஒருத்தரு. பேரு வேண்டாம், இதைப் படிச்சாருன்னா நோம்பிக்கு வரமாட்டாரு. 2010 கடைசில ஈரோட்டு மார்க்கெட்டுல மஞ்சள் வெலை ஏறுன ஏத்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ என்னமோ. குவிண்டால் 17,000 ரூவா வரைக்கும் போச்சு. பங்காளி குடோன்ல முந்தின வருசத்து மஞ்சள் மூட்டை மூட்டையாக் கெடந்துது. மஞ்சள்னா சும்மாங்களா? பத்து மாசம் தண்ணி கட்டி, தோண்டி, வேகவெச்சு, களத்துல காயப்போட்டு, பாலீஸ் போட்டு, விரலி வேற கெழங்கு வேறன்னு பிரிச்சு மூட்டை கட்டறதுக்குள்ள முதுகெலும்பு தனியாக் கழண்டு வந்துரும். அப்படி எடுத்த சரக்கை 17,000-க்குக் கேக்கறாங்க. பங்காளி என்ன சொன்னாருங்கறீங்க? "இருவது வரட்டும்."

ஏனுங்க இருவதுன்னு கேட்டனுங்க. "பதினேழு வந்துதல்ல, இருவது வராதா?"ன்னாரு. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்றவன் இன்னும் பொறக்கலீங்க.

இருவது வர்ல. பதினஞ்சுக்கு எறங்கினப்ப, "திரும்பப் பதினேழு வந்தாக் குடுத்தர்றேன்"னாரு. பத்துக்கு எறங்கினப்ப, "பதினஞ்சு வரட்டும்"னாரு. 2012-ல 4,000 பக்கம் வந்து நின்னப்ப மூட்டைக்குள்ள வண்டு பூந்திருந்துது. ஒரு விரலியை எடுத்து ஒடிச்சுப் பாத்தனுங்க. உள்ள பூரா மாவு, மாவுக்கு நடுவுல கொழுகொழுன்னு ஒரு வண்டு. அந்த வருசம் எங்க ஊர்ல மஞ்சள்ல சம்பாரிச்சது அது ஒண்ணுதான்.

இன்னைக்கும் பங்காளி சொல்றது, "குவிண்டாலுக்குப் பதிமூணாயிரம் நட்டமுங்க." நான் அவருகிட்டக் கேட்டேன்: மஞ்சள் நடறப்ப என்ன வெலை வரும்னு நெனச்சீங்க? ஆறாயிரம்னாரு. என்னத்துக்கு வித்தீங்க? நாலாயிரம். அப்ப நட்டம் ரெண்டாயிரந்தானுங்களே, மீதிப் பதினோராயிரம் உங்க அங்கராக்குப் பையிக்கு வரவே இல்லியே, வராத காசு எப்படிங்க தொலையும்? அன்னைக்குக் காப்பி குடிக்காம எந்திரிச்சுப் போனவருதான். அப்பறம் 2023-ல மறுபடி பத்தாயிரத்தைத் தாண்டி ஏறுச்சு மஞ்சள். அப்பப் பங்காளி காட்டுல மஞ்சள் இல்ல, தென்னம்பிள்ளை நிக்குது. இப்ப அதுக்கும் சேத்து வருத்தப்படறாரு. நோட்டுல ரெண்டாவது பக்கம் ஆரம்பிச்சாச்சு.

இப்படி ஒரு வராத காசு இல்லாத குடும்பம் கோயமுத்தூரு, திருப்பூருச் சீமையில இருக்காதுங்க. எல்லாக் குடும்பத்துலயும் அவிநாசி ரோட்டு மேல காடு வெச்சிருந்து சல்லிசா வித்துட்டுப் போன தாத்தன் ஒருத்தர் இருப்பாரு. கண்ணால வீட்டுல நாலு பேரு ஒண்ணா உக்காந்தாப் போதும், எலை போடறதுக்கு முந்தி அந்தத் தாத்தனை இழுத்து வெச்சு நாலு சாத்து சாத்துவாங்க. "அந்தப் பூமி மட்டும் இன்னைக்கு இருந்திருந்தா..." இப்படித்தான் ஒரு தடவ ஒருத்தன் பெருமூச்சு உட்டுட்டு இருந்தான். அந்தக் காசை வெச்சு உங்க தாத்தன் என்னப்பா பண்ணுனாருன்னு கேட்டேன். அவனுக்குத் தெரீல. பொறகால உக்காந்திருந்த ஒரு அம்மிச்சி சொல்லுச்சு: "எனக்கும் என்ற தங்கச்சிக்கும் கண்ணாலம் பண்ணி வெச்சாரு. மிச்சத்துல இவங்கப்பனைப் பாலிடெக்னிக்குல சேத்துனாரு." அந்தப் பாலிடெக்னிக்குப் படிப்புல வந்த லேத்துப் பட்டறையில சம்பாரிச்ச இன்னோவாதான் மண்டபத்து வாசல்ல நிக்குது. பையன் ஒரு நிமிசம் பேசாம இருந்தான். அப்பறம், "இருந்தாலும் அந்தப் பூமி..."ன்னான். எலை போட்டாங்க, நான் எந்திரிச்சுப் போயிட்டேன். சோத்து நேரத்துல நாயம் பேசக் கூடாதுங்க.

ஈமுக் கோழி கதை இதை விடக் கெட்டி. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஈமுக் கம்பெனிக்கு 1.5 லட்சம் கட்டுனாக் குஞ்சு ஆறு. கொட்டாய் கம்பெனி போட்டுக் குடுக்கும், தீவனம் கம்பெனி அனுப்பும். மாசம் 6,000 ரூவா, வருசத்துக்கு 20,000 போனஸ். ரெண்டு வருசம் கழிச்சுக் கட்டுன பணமும் முழுசாத் திரும்ப. அன்னைக்குப் பெருந்துறைச் சுத்துவட்டாரத்துல ஊரறிஞ்ச கணக்கு இது. டிவில சினிமாக்காரங்க வந்து சிரிச்சாங்க. நம்மாளுங்க சாராயத்துக்குக் கூட அப்படி வரிசையில நின்னதில்லீங்க.

கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டு வருசத்துல ஆறு பறவை நம்ம கைக்கு 1,84,000 குடுக்குது, முதலையும் குடுக்குது. அந்தப் பறவை பண்ணுன வேலை என்ன? தின்னுது, நடந்துது, மறுபடி தின்னுது. ஈமு முட்டை வெக்க ஆரம்பிக்கறதுக்கே ஒண்ணரை ரெண்டு வருசம் ஆகுமுங்க. கறி நம்மூர்க் கடையில தொங்கி நான் பாக்கல. எண்ணெய் முழங்காலுக்கு நல்லதுன்னாங்க. எங்க ஊரு முழங்காலு எதுவும் அதைப் பாக்கல. அப்பக் காசு எங்கிருந்து வருது? உங்களுக்கு அடுத்தாப்ல வரிசையில நின்னவன் பையிலிருந்துதான். இது எங்களுக்குத் தெரியாதுங்களா? தெரியும். வரிசை நெம்ப நீளம், நம்ம முறை முடிஞ்ச பொறகுதான் அறுபடும்னு ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நம்பிக்கை.

1932-ல ஆஸ்திரேலியாவுல, இந்தப் பறவைங்க கோதுமைக் காட்டை அழிக்குதுன்னு பட்டாளத்துக்காரங்களை மெசின் துப்பாக்கியோட அனுப்புனாங்க. சுட்டுச் சுட்டுச் சலிச்சுப் பட்டாளம்தான் திரும்பி வந்துது. துப்பாக்கியைச் செயிச்ச பறவைக்கு நம்ம சேமிப்பைச் செயிக்கறதுக்கு எவ்வளவு நேரமுங்க?

எனக்கும் ஆசை வந்துது. ஏன், எனக்கு வரக் கூடாதுங்களா? எங்கூட்டு அம்மணிகிட்ட நகையைக் கேட்டேன். கேக்கறதுக்கு முந்தி பறவையோட பெருமையெல்லாம் எடுத்து உட்டேன். "இதுல ஆம்பளைதான் அடைகாக்கும். எட்டு வாரம், செரியாத் தீனி தண்ணி கூட இல்லாம"ன்னேன். அம்மணிக்கு ஒரு நிமிசம் மனசு எளகுச்சு. "அப்படியாச்சும் ஒரு ஆம்பளை இருக்குதே"ன்னா. செரி, வேலை ஆச்சுன்னு நெனச்சேன். அப்பறம் சொன்னா: "என்ற நகையை வெச்சு வாங்கறதுன்னா, கோழி எம்பேருல, முட்டை எம்பேருல. அடைக்கு நீங்க படுத்துக்குங்க." பேச்சு முடிஞ்சுது.

பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளை சேந்தாரு. மாசம் பொறந்தா டாண்ணு காசு வந்துது. புது பைக்கு எடுத்தாரு. பைக்குச் சத்தம் எங்க ஊட்டைத் தாண்டறப்ப எல்லாம் நான் அம்மணி மொகத்தைப் பாப்பேன். சோத்துத் தட்டு முன்னால உக்காந்து, "ஆறாயிரம்... ஆறாயிரம்..."னு சும்மா முணுமுணுப்பேன். "சாம்பாரு ஊத்தட்டுங்களா"ம்பா. அன்னைக்கு என்னை யாராவது கேட்டிருந்தா, என்ற வாழ்க்கையிலயே பெரிய தப்பு பொண்டாட்டி பேச்சைக் கேட்டதுன்னு சத்தியம் பண்ணியிருப்பனுங்க.

2012 ஆகஸ்ட்ல கம்பெனி கதவு சாத்துச்சு. தீவன வண்டி நின்னு போச்சு. பட்டினி கெடக்கற பறவைக்குத் தீனி போட அரசாங்கத்துக் கால்நடை டாக்டருங்க வர வேண்டியதாப் போச்சு. போலீசு, கேசு, முதலீட்டாளருங்களைக் காப்பாத்தறதுக்கு 1997-ல போட்ட சட்டம், கோயமுத்தூர்ல அதுக்குன்னு இருக்கற தனிக் கோர்ட்டு. தண்டனையெல்லாம் பல வருசம் கழிச்சு வந்துது. காசு எவ்வளவு வந்துதுன்னு கட்டுனவங்களைக் கேளுங்க, உங்களுக்கும் நாலு நல்ல வார்த்தை கெடைக்கும்.

அந்த மாசத்துல ஒரு நா பொழுதோட மாப்பிள்ளை தோட்டத்துக்குப் போனனுங்க. கம்பி வேலிக்கு அக்கட்டால ஆறும் வரிசையா நின்னுது. ஆளு ஒசரம். வேலி மேல கழுத்தை நீட்டி என்ற அங்கராக்குப் பொத்தானையே பாக்குது. ஒண்ணு வெடுக்குன்னு கொத்தியும் பாத்துருச்சு. ஈமுக்கு மினுக்கறது எதைக் கண்டாலும் ஆசைங்க. கண்ணாடிச் சில்லு, ஆணி, மறை, எதா இருந்தாலும் உள்ள போயிரும். மாப்பிள்ளை கையில ஒரு குச்சியை வெச்சுட்டு, குனிஞ்சு, ஒரு பறவை பொறகாலயே நடந்துட்டு இருந்தாரு. என்ன மாப்பிள்ளை, மேய்க்கறீங்களான்னேன். இல்லீங்களாம். கல்லுக்கால் மேல பைக்குச் சாவியை வெச்சுட்டு வாளியைத் தூக்கப் போயிருக்காரு, திரும்பி வர்றதுக்குள்ள அது சாவியை முழுங்கிருச்சு. எப்பக் கழிச்சல்ல வருமோன்னு குச்சியும் கையுமாச் சுத்தறாரு. பறவைக் காசுல வாங்குன பைக்கு, சாவி பறவை வகுத்துக்குள்ள.

"இதுக்கு அறிவே இல்லீங்க மாமா. மினுக்கறதைக் கண்டாப் போதும், என்ன ஏதுன்னு பாக்கறதில்ல, முழுங்கிருது"ன்னாரு.

நான் ஒண்ணும் சொல்லலீங்க. எனக்குக் கண்ணைக் கீழ போட்டுட்டு நிக்கறதுக்கே பெரும்பாடாப் போச்சு.

அடுத்த நாளே ஊருக்குள்ள எனக்கு ரோசனைக்காரன்னு பேரு வந்துருச்சு. "அப்பவே மாமனுக்குத் தெரிஞ்சிருக்குது பாரு"ன்னாங்க. இன்னைக்கு வரைக்கும் பொண்ணு பாக்கறதுக்கு முந்தி, போர் போடறதுக்கு முந்தி, என்னைக் கேக்க வர்றாங்க. நானும் ரெண்டு தடவ தொண்டையைச் செருமிட்டு எதாச்சும் சொல்லி உடறேன். நெசம் என்ன? அம்மணி நகை குடுக்கல, அவ்வளவுதான். அந்தக் கம்பெனி இன்னும் ரெண்டு வருசம் தாக்குப் புடிச்சிருந்தா மாப்பிள்ளை முதலை எடுத்துட்டு வெளிய வந்திருப்பாரு. அவரு அறிவாளி, நான் பொண்டாட்டி தாசன். மொதல்லயே சேந்து, சத்தமில்லாமக் காசை எடுத்துட்டு ஒதுங்குனவங்க நாலஞ்சு பேரு எங்க பக்கத்துலயே இருக்காங்க. அவங்க இந்தக் கதையை எந்தத் திண்ணையிலயும் பேச மாட்டாங்க. ஒரு முடிவு நல்லதா கெட்டதாங்கறது எடுத்த அன்னைக்கு நம்ம கையில என்ன இருந்துதுங்கறதைப் பொறுத்ததுங்க. கம்பெனி கதவு என்னைக்குச் சாத்துதுங்கறதை வெச்சு நமக்குப் பாசு பெயிலு போடறது எந்த ஊரு நாயம்?

கண்ணால விசயத்துலயும் இதே கூத்துதான். எங்கூடத் திண்ணைப் பள்ளிக்கூடத்துல படிச்ச ஒருத்தருக்கு ஒரு மொறைப்பொண்ணு. சாதகம் சேரலீன்னு கட்டல. அம்பது வருசமா அந்தம்மாளை நெஞ்சுக்குள்ள வெச்சுப் பூசை பண்ணிட்டு இருக்காரு. ஊட்டுல கொழம்புல உப்புக் கொறைஞ்சாக் கூட, "அவளாயிருந்தா..."ன்னு ஒரு பெருமூச்சு. போன ஆவணில தாராபுரத்துல ஒரு சீருக்குப் போனப்ப அந்தம்மாளும் வந்திருந்துது. பந்தியில பாயசம் ஊத்தறவனை நிறுத்தி வெச்சு, "முந்திரி எங்கடா?"ன்னு கேட்டுச்சு பாருங்க, மண்டபமே திரும்பிப் பாத்துது. நம்மாளு கையில இருந்த அப்பளம் நொறுங்கிப் போச்சு. ஊட்டுக்கு வர்ற வழியில பஸ்ஸுல சம்சாரத்துக்கு சன்னலோரச் சீட்டை உட்டுக்குடுத்தாருன்னு கேள்வி. கட்டாத கண்ணாலத்துல சண்டையே வராதுங்க தம்பி. கரண்டு பில்லு வராது, மாமியா வரமாட்டா, பாயசத்துல முந்திரி எப்பவும் நெறைய இருக்கும்.

இப்ப என்ற பேரன் விசயத்துக்கு வர்றேன். கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை. போன வருசத்துலருந்து போன்லயே ஆப்சன் ட்ரேடிங்காமா, அது பண்றான். பங்கு வாங்கறது கூட இல்லீங்க. குறிச்ச கெழமைக்குள்ள ஏறுமா எறங்குமான்னு பந்தயம். எங்க காலத்துல சேவக்கட்டுல கட்டுனோம், அதுலயாச்சும் செயிச்சவன் ஊட்டுல கறி வேகும். செபின்னு ஒரு ஆபீசு இருக்குதல்ல, அவங்க 2024-ல கணக்கு எடுத்துச் சொன்னாங்க. மூணு வருசத்துல இந்த வேலை பண்ணுன தனி ஆளுங்கள்ல நூத்துக்கு 93 பேருக்கு நட்டம், ஒட்டுமொத்தமா 1.8 லட்சம் கோடிக்கு மேல. இதைப் பேப்பர்ல கத்தரிச்சு வெச்சிருந்து அவன்கிட்டக் காட்டுனேன். "அப்பாரு, மீதி ஏழு பேரு இருக்காங்கல்ல"ன்னான். இருக்காங்க சாமி. அந்த 93 பேரும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க.

அவனுக்கும் ஒரு நோட்டு இருக்குதுங்க. "பத்து வருசத்துக்கு முந்தி பிட்காயின் வாங்கிப் போட்டிருந்தா இன்னைக்கு நாம எங்கயோ இருப்போம் அப்பாரு"ங்கறான். பத்து வருசத்துக்கு முந்தி இவன் சைக்கிளுக்குக் காத்தடிக்க எங்கிட்டக் காசு வாங்கிட்டு, காத்தடிக்காம முட்டாய் வாங்கித் தின்னவன்.

உட்ட காசைப் புடிக்கோணுமாம். அதுக்கு நம்ம கொறங்காட்டை வித்துரலாம்ங்கறான். நாலு ஏக்கரு. சுத்தியும் கிளுவை வேலி, நடுவால வெள்வேல மரம், மழை பேஞ்சாக் கொழுக்கட்டைப் புல்லு முழங்காலு ஒசரத்துக்கு வரும். மாடு மேயறதைத் தவுர அதுல ஒரு வருமானமும் இல்லீங்க, ஒத்துக்கறேன். இருந்தாலும் விக்காதேன்னு சொன்னா அவன் கேப்பானுங்களா? நாளைக்கு எது ஏறுனாலும், "அன்னைக்கு அப்பாரு மட்டும் தடுக்காம இருந்திருந்தா"ன்னு என்ற போட்டோவுக்கு மாலை போடறப்பக் கூடத் திட்டுவான். நான் ஏன் அந்த அவிநாசி ரோட்டுத் தாத்தன் ஆகோணும்?

அதனால, "தாராளமா வித்துக்க கண்ணு"ன்னுட்டேன். "ஆனா அது பூர்வீக பூமி. 2005-லயே சட்டம் மாறிப் போச்சு, கட்டிக்குடுத்த பொண்ணுக்கும் பங்கு உண்டு. உங்க அத்தை ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்." அவங்கத்தையை எனக்குத் தெரியுமுங்க, பெத்தவனாச்சே. அவங்கம்மா நகைப் பொட்டி சாவி இப்ப அவகிட்டத்தான் இருக்குது. மாட்டுச் சந்தைக்கு அவ வந்தாத் தரகனுங்க துண்டை மடக்கி வெச்சுட்டு டீ குடிக்கப் போயிருவாங்க. போனவன் நாலு பேச்சு வாங்கிட்டுத் திரும்புவான், வேலை முடிஞ்சுதுன்னு கட்டல்ல சாஞ்சுட்டேன்.

பொழுதோட ரெண்டு பேரும் ஒரே கார்ல வந்து எறங்கறாங்க. அத்தைக்காரி கையில பேரனோட போனு. அவன் போட்ட பந்தயம் அன்னைக்கு மதியம் ஒரு மணி நேரத்துல எட்டாயிரம் காட்டியிருக்குது, இவ சோத்துக்கு ரசம் ஊத்தறதை நிறுத்திட்டுப் பாத்திருக்கா. "ஏனுங்ப்பா, இதுல எனக்கும் ஒரு கணக்கு ஆரம்பிக்கச் சொல்லியிருக்கறேன். அந்தப் பூமி சும்மாதானே கெடக்குது, கையெழுத்து எங்க போடோணும்? பத்திரம் எங்கீங்ப்பா?"

ரெண்டு நாளா ஊட்டுல இதே கேள்விதானுங்க. கட்டலுக்கு அந்தப் பக்கம் பேரன், இந்தப் பக்கம் அவங்கத்தை. "பத்திரம் எங்க, பத்திரம் எங்க"ங்கறாங்க. எனக்கு இப்பக் கொஞ்ச நாளாக் காது செரியாக் கேக்கறதில்லீங்க தம்பி. மழை வருமான்னுதான் கேக்கறாங்களாட்டம் இருக்குதுன்னு, வானத்தைப் பாத்து, "கெழக்கால கறுத்திருக்குது"ன்னு சொல்லிட்டு இருக்கறேன்.